சாய்ந்து தூங்க ஒரு நாற்காலி

எனக்குப் படுத்தால் மூச்சு வராது. நயா பைசா வந்த புதிதில், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் ஆரம்பித்தது அது. தலையணையில் தலை வைத்தவுடன் நெஞ்சின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். எழுந்து உட்கார்ந்தால் பாரம் கொஞ்சம் இறங்கும், ஆனால் தூக்கம் போய்விடும். சுவரில் சாய்ந்து பார்த்தேன், தலையணைகளை அடுக்கிப் பார்த்தேன். ராத்திரி பூராவும் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடைதான். அடுக்களை ஜன்னல் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றால் மட்டும் நாலு மூச்சு ஒழுங்காகப் போய்வரும். நின்றுகொண்டே தூங்க நான் என்ன குதிரையா? கால் கடுத்ததும் மறுபடி நடப்பேன்.

எங்கள் வீடு திண்டுக்கல்லில் புகையிலைக் கிட்டங்கிகளுக்குப் பின்தெருவில் இருந்தது. காற்று திரும்பினால் சோற்றுப்பானை வரைக்கும் காரம் ஏறும். டாக்டர் ஊசி போட்டார், மருந்து கலக்கிக் கொடுத்தார், கடைசியில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இவங்களைப் படுக்கப் போடாதீங்க. சாஞ்சாப்ல உக்காந்து தூங்கப் பழகட்டும்" என்றார். அதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் பிடித்தது வினை. வீடு வந்து சேர்வதற்குள் அவர் மனசுக்குள் ஒரு சாய்வு நாற்காலி செய்து முடித்துவிட்டார்.

அவர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லை. வாரம் பூராவும் பேனா பிடிக்கிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இழைப்புளியைப் பிடிப்பார். பின்கட்டில் மாட்டுக்கொட்டகை ஒன்று இருந்தது. மாட்டை விற்றபின் அதில் தகரம் வேய்ந்து மரவேலைப் பட்டறை ஆக்கிவிட்டார். கூட்டாளிகள் இருவர். ஒருவர் பேகம்பூர்ப் பக்கம் தோல் மண்டி வைத்திருந்த பாய். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பேருக்கும் பேரன் பேத்தி எடுக்கிற வயசு. சனிக்கிழமை சாயங்காலம் கூடித் திட்டம் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை. வேலை என்று அவர்கள் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்லிவைக்கிறேன்.

வாத்தியார் படம் போடுவார், ரம்பத்தைத் தொட மாட்டார். பாய் எந்த மரத்தைப் பார்த்தாலும் அதன் மேல் தோல் ஒட்டலாமா என்றுதான் யோசிப்பார். என் வீட்டுக்காரர் அறுப்பார், கொஞ்சம் தள்ளி அறுத்துவிட்டு மரத்தைத் திட்டுவார். ஒருமுறை எனக்கென்று ஒரு முக்காலி செய்தார்கள். முக்காலி என்றுதான் பேர், கால் என்னவோ நாலு. அது ஆடியது. நீளமாக இருந்த காலை அறுத்தார்கள், இன்னொரு பக்கம் ஆடியது. அதை அறுத்தார்கள். சாயங்காலம் பார்த்தால் முக்காலி போய், உட்கார்ந்து சாப்பிடுகிற மணை ஆகியிருந்தது. பல வருஷம் அதில்தான் உட்கார்ந்து நான் தேங்காய் துருவினேன்.

அவர்கள் செய்ததில் ஆடாமல் நின்றது ஒன்றே ஒன்று. என் வீட்டுக்காரருடைய வேலை மேசை. பட்டறை தொடங்கியபோது முதலில் செய்தது அதுதான். வேங்கைப் பலகை, என் தொடை கனத்துக்கு நாலு கால். ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதன் மேல் காப்பி டம்ளரை வைத்தால்கூட, "ஏய், கறை பிடிச்சிரும்" என்று கத்துவார். பெற்ற பிள்ளைகள் தவழ்ந்தபோது அவர் இம்புட்டுக் கவனம் எடுத்து நான் பார்க்கவில்லை. காப்பி மட்டும் சரியாக மூன்று மணிக்கு வந்தாக வேண்டும். செத்த நேரம் தாமதமானாலும் உளிப்பிடியால் தகரத்தைத் தட்டுவார், தெரு முழுக்கக் கேட்கும். நான் கொட்டகை வாசலிலேயே நின்று டம்ளரை நீட்ட வேண்டும். உள்ளே மரத்தூள், எனக்கு ஆகாது.

வீட்டில் துணி போட்ட ஈசிச்சேர் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தால் குழிக்குள் அமிழ்ந்து வயிறு மடங்கும், மூச்சு இன்னும் முட்டும். அதனால் பலகையிலேயே செய்வதென்று முதல் சனிக்கிழமை முடிவாயிற்று. எவ்வளவு சாய்வு என்பதில் சண்டை வந்தது. வாத்தியார் கடுதாசியில் ஒரு பெண்பிள்ளை சாய்ந்து உட்கார்ந்த மாதிரி வரைந்தார். நான் அந்த உயரமும் இல்லை, அந்த உடம்பும் இல்லை. பாய், "மூணு நிலையா வைப்போம் மாப்ளே. தங்கச்சி வேணுங்கிறாப்ல சாச்சுக்கிறட்டும்" என்றார். அந்த ஞாயிறு அப்படியே பேச்சில் போயிற்று.

சித்தையன்கோட்டையில் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள், நல்ல தேக்கு உத்தரம் கிடக்கிறது என்று பாய் கேள்விப்பட்டு வந்தார். மூவரும் கிளம்பிப் போய், பஸ் மேலே அதை ஏற்றச் சொல்லிக் கண்டக்டரோடு மல்லுக்கட்டி, கடைசியில் மாட்டுவண்டியில் போட்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். மறு ஞாயிறு பூராவும் அதிலிருந்து ஆணி பிடுங்கினார்கள். பிடுங்கியும் உள்ளே ஒன்று தங்கியிருந்து ரம்பத்தின் பல்லைக் கொண்டுபோயிற்று. அப்புறம் பாய் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. அப்புறம் ஈரக்காற்றில் வஜ்ரப் பசை காயவில்லை. தோல் துண்டைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. என் பால் சட்டியில் காய்ச்சியிருந்தார்கள். நான் அந்தச் சட்டியைக் கையால்கூடத் தொடாமல் கழியால் தள்ளித் தெருவுக்குக் கொண்டுபோனேன்.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அவர்களுக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போயிற்று. எனக்குத் தூக்கம் குறைந்துகொண்டே போயிற்று. பகலில் சோறு வடிக்கும்போது கண் சொருகும், கஞ்சி காலில் கொட்டும். யாராவது பேசினால் அறைய வேண்டும் போல் இருக்கும். உட்கார முடியாது, நிற்க முடியாது, வீட்டுக்குள் ஒரு இடம் பாக்கியில்லாமல் சுற்றிச் சுற்றி வருவேன். மார்கழி பிறந்து பனியும் இறங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை, கைப்பிடியின் நுனியைச் சுருட்டுவதா மழுக்குவதா என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு எனக்குத் தாங்கவில்லை. வாசலில் போய் நின்றேன்.

"தை பிறக்கிறதுக்குள்ள முடிப்பீங்களா? இல்ல, என்னையத் தூக்கிட்டுப் போறன்னைக்கு அதுல உக்கார வச்சுக் கொண்டு போவீங்களா?"

என் வீட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. வாத்தியார்தான் மெல்ல, "அப்ப நுனியை மழுக்கியே விட்ருவோம்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து இருமலில் முடிந்தது.

மார்கழி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி முடிந்தே விட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அழகாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கைப்பிடி கன்னம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. நான் உள்ளே வர வேண்டுமென்று என் வீட்டுக்காரர் முந்தின நாளே கொட்டகையைக் கூட்டி, இரண்டு குடம் தண்ணீர் தெளித்து, மேசையை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று ஊரே காத்துக் கிடந்த காலம் அது. வாத்தியார் தேங்காய் உடைத்தார். பாய் ஒரு பொட்டலம் அல்வா வாங்கி வந்திருந்தார்.

நான் உட்கார்ந்தேன். சாய்ந்தேன். மூவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நாற்காலி எனக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று என்னைவிட அவர்களுக்காகத்தான் அப்போது வேண்டிக்கொண்டேன். நாலைந்து மூச்சு விட்டேன். அம்மிக்கல் வந்து உட்கார்ந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

என் வீட்டுக்காரர் பின்பலகையை அடுத்த நிலைக்கு நிமிர்த்தினார். அப்புறம் அதற்கும் அடுத்தது. எதிலும் ஆகவில்லை. பின்னால் சாயச் சாய மூச்சு அடைத்தது, அம்புட்டுத்தான். நான் எழுந்துவிட்டேன். அவர் நாற்காலியைத் தூக்கி வெளியே முற்றத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். இன்னொரு நிலைக்கு ஒரு காடி வெட்டினால் என்ன என்று வாத்தியார் ஆரம்பித்தது கேட்டது.

எனக்கு வீடு வரை நடக்கத் தெம்பில்லை. மேசைக்கு முன்னால் கூட்ஸ் ஷெட்டிலிருந்து வந்த உயரமான மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன் மேல் ஏறி உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் மடித்து வைத்தேன். குனிந்து நெற்றியை அதன்மேல் வைத்தேன். தேக்குத் தூளும் வஜ்ரமும் கலந்த ஒரு வாசனை. மூச்சு உள்ளே போயிற்று. வெளியே வந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது வெயில் மேற்கே போயிருந்தது. எனக்கு முதலில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. ஐப்பசியிலிருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கவில்லை. கன்னத்தில் வளையல் பதிந்திருந்தது. தொங்கிக் கிடந்த பாதம் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. வெளியே பார்த்தால், முற்றத்தில் மூன்று பேரும் குந்திக்கொண்டு கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாய்தான் முதலில் பார்த்தார். "தங்கச்சி முழிச்சிருச்சு!" என்று எழுந்தார். "சாயக் கூடாது மாப்ளே, குனியணும். நம்ம டாக்டரு பேச்சைக் கேட்டு முதுகுப் பக்கமே நின்னுட்டோம்."

"நாந்தான் அப்பவே ஜன்னல் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேனே, நீங்க பாக்கலையா?" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"பாத்தேன்" என்றார்.

அதற்குள் வாத்தியார் பென்சிலை எடுத்துவிட்டார். குனிந்து தூங்குவதற்கென்றே ஒரு மேசை. சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து கால் தரையில் ஊன்றுகிற உயரம். மருந்து வைக்கக் கீழே ஒரு டிராயர். மேலே மெத்தென்று தோல் ஒட்டலாம் என்றார் பாய். நல்ல வேங்கையாகப் பார்க்க வேண்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை போய் மரம் பார்ப்போம், அதற்கடுத்த ஞாயிறு என்று வாத்தியார் சொல்லிக்கொண்டே போனார். அது முடிவதற்குள் பங்குனி வந்துவிடும் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் போய் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து போட்டு, "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். என் கையை மடக்கிப் பிடித்து, தரையிலிருந்து முழங்கை வரைக்கும் குச்சி வைத்து அளந்தார். அத்தனை ஞாயிற்றுக்கிழமையில் என்னை அளந்தது அன்றைக்குத்தான். பிறகு வேலை மேசையின் மேல் கிடந்த உளிகளையெல்லாம் எடுத்துத் தரையில் வைத்தார். "பிடிங்க பாய், கவுக்கணும்" என்றார்.

கவிழ்த்தார்கள். குச்சியை வைத்துக் காலில் கோடு போட்டார்.

"ஐயய்யோ, அதை ஏங்க அறுக்கிறீங்க? புதுசு ஒண்ணு செஞ்சுக்கலாம்ங்க" என்று நான் பதறினேன்.

"ஆடாமப் பிடிங்க" என்றார் பாயிடம். ரம்பம் வேங்கையில் இறங்கியது. நாலு காலும் அறுத்து முடிக்கிற வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை. வாத்தியார் ஓரமாக நின்று கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நிமிர்த்தி வைத்தார்கள். என் வீட்டுக்காரர் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். டக்கென்று ஆடியது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கை மறுபடி ரம்பத்துக்குப் போயிற்று. பாய் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மாப்ளே. இதையும் மணையாக்கிப்புடாத."

உளி தீட்டுவதற்குச் சுவரில் தொங்கிய தோல்வாரை எடுத்து ஒரு துண்டு நறுக்கி, குட்டையான காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. மூவரும் சேர்ந்து மேசையைக் கூடத்துக்குத் தூக்கிவந்து, கொட்டகைப் பக்கத்து மூலையில் போட்டார்கள்.

மறு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேசையில் தலை சாய்த்தேன். கொட்டகைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் தூங்கினேனோ, விழித்தபோது முகத்தை நிமிர்த்தாமலே பார்த்தேன். எனக்கென்று செய்த தேக்கு நாற்காலியை எதிரே போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் கட்டைவிரல் கைப்பிடியில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது, சொரசொரப்பு எங்காவது பாக்கி இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. வாசற்படியில் பாயும் வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார்கள், பேசாமல்.

"மணி என்ன ஆச்சு?" என்றேன்.

"தூங்கு, தூங்கு. இன்னும் காப்பி நேரம் ஆகல" என்றார்.

அவர்கள் இருவருக்கும் பின்னால் தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.