ஷார்ஜா பாலீஷும் திண்டிவனத்துத் தூசியும்

இருதயசெல்விக்கு ஷார்ஜாவுல இருந்து மொதப் பார்சல் வந்தது தொண்ணூத்தெட்டுல. அப்ப கல்யாணம் ஆகி ஒரு வருசம், புருசன் அருள்நாதன் ப்ளேன் ஏறி ஏழு மாசம். லீவுல வந்த கோட்டக்குப்பத்து ஜபருல்லா பாய் திண்டிவனம் வரைக்கும் பஸ்ல அத மடியில வெச்சுத் தூக்கிக்கினு வந்து குடுத்தாரு. "தங்கச்சி, அருளு ரொம்ப பத்திரமா குடுக்கச் சொன்னான்மா. கவுத்துடாதீங்க"ன்னுட்டு டீ கூட குடிக்காம கெளம்பிட்டாரு.

கவுத்துடாதீங்கன்னா சென்ட்டாத்தான் இருக்கும். செல்வி அப்பிடித்தான் நெனச்சா. மாமியா சின்னபொண்ணுக்கு அதவிடப் பெரிய நெனப்பு. "பிரிடி, ஜல்தி பிரி. இரு இரு, கதவச் சாத்திக்கினு பிரி. தங்கம்னா எதுத்த ஊட்டுக்காரிக்குக் கண்ணு அவுஞ்சிடும்."

கதவச் சாத்திப் பிரிச்சாங்க. உள்ள பன்னு மாதிரி உப்பலா ஒரு மஞ்ச ஸ்பாஞ்சு. பாதி காலியான வட்ட டப்பா ஒண்ணு. ஸ்பிரே பாட்டிலு ஒண்ணு. நாலா மடிச்ச துணி ஒண்ணு.

"இன்னாடி இது?"

"காரு கழுவுற சாமான் அத்தே."

"நம்மகிட்ட ஏதுடி காரு?"

அருள்நாதனுக்கு அங்க வேலையே அதான். பன்னெண்டு மாடிக் கட்டடத்துக்குக் கீழ சுரங்கம் மாதிரி ஒரு காரு நிறுத்துற எடம். விடியறதுக்கு முன்னாடி நாப்பத்தஞ்சு காரக் கழுவித் தொடைச்சு வெச்சுடணும். ஊட்டக் காலி பண்ணிக்கினு போறவங்க பாதி தீந்த டப்பாவ அவன் கையில குடுத்துட்டுப் போவாங்க. அவனுக்கு அதான் பொக்கிசம். நம்ம கையில இருக்கிறதுலயே ஒசத்தி எதுவோ அதத்தான பொண்டாட்டிக்கு அனுப்புவோம்? அனுப்பிட்டான்.

ஊட்டுல இருந்த ஒரே வண்டி ஒரு பச்சை மொபெட். பழசு. ஷார்ஜாவுக்குப் போறதுக்கு முன்னாடி அருள்நாதன் வாங்கிக் குடுத்தது. ரெயில்வே லைனுக்கு அந்தாண்ட இருந்த ஊட்டுல இருந்து நேரு வீதி தையக்கடைக்கு செல்வி அதுலதான் போவா. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற வேலை.

"மொபெட்டுக்கு இன்னாத்துக்கு இந்தக் கூத்தெல்லாம்?"னா சின்னபொண்ணு. "மண்ணெண்ணையத் தொட்டுத் தொடை. மேல ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய். கல்யாண மாப்ள மாதிரி நிக்கும்."

நிக்கும்தான். நின்னு, திண்டிவனத்து ரோட்டு மண்ணு பூராத்தையும் வாரி மேல பூசிக்கும். செல்வி அத ஏற்கெனவே பண்ணிப் பாத்துட்டா.

வெள்ளிக்கெழமை பதினோரு மணிக்கு எஸ்டிடி பூத்துக்குப் போன் வரும். பூத்து வெச்சிருந்த தேவநாதனுக்கு மூக்கால பேசுற வழக்கம். "ஷார்ஜாஆ... ஷார்ஜா யாருப்பா? ஷார்ஜா மேடம், வாங்க!" கண்ணாடிக் கதவு முழுசா சாத்தாது. வெளிய பெஞ்சுல எப்பவும் நாலு பேரு, எட்டு காது.

"வண்டி எப்பிடி இருக்குது?"ன்னான் அருள்நாதன்.

"இருக்குது."

"பாலீஷ் போட்டியா?"

"போட்டேன்."

"எப்பிடிப் போட்ட?"

"கையாலதான்."

பெஞ்சுல ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். அருள்நாதனுக்கு அங்க அது கேக்குமா? அவன் பாட்டுக்குப் பாடம் எடுத்துக்கினு இருந்தான். "கொஞ்சமா எடு. கண்ணுக்கு மை எடுப்ப இல்ல, அவ்ளோதான். வெயில்ல போடாத, நெழல்ல நிறுத்திப் போடு. வெள்ளையா பூத்து வரும். பூக்கிற வரைக்கும் காத்துக்கினு இரு. அவசரப்பட்டுத் தொடைச்சியோ, போச்சு."

"எவ்ளோ நாழி காத்துக்கினு இருக்கணும்?"



"ரெண்டு வருசம்தான் செல்வி."

பெஞ்சுல இருந்தவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. பாலீஷ் காய ரெண்டு வருசமா?

அப்பிடி ஆரம்பிச்சதுதான். எட்டு காதுக்கு முன்னாடி, சாப்டியா, தூங்கினியா, நெனச்சியான்னெல்லாம் கேக்க முடியுமா? பாலீஷக் கேக்கலாம். எந்தக் கோயில் பூசையிலயும் சொல்லிக்கலாம் போல, அவ்ளோ சுத்தமான பேச்சு.

ஸ்பிரே பாட்டிலு மேல காரோட உள்பக்கத்துப் படம் போட்டிருந்துச்சு. எழுத்து ஒண்ணும் புரியல. அப்ப சீட்டுக்குத்தான்னு செல்வி முடிவு பண்ணி, மாதா கோயில் திருவிழா அன்னிக்கு மொபெட் சீட்டுக்கு அடிச்சு அழுத்தித் தொடைச்சா. சீட்டுல மூஞ்சி பாத்து பொட்டு வெச்சுக்கலாம், அப்பிடி ஒரு பளபளப்பு. புதுப் பொடவ கட்டிக்கினு சின்னபொண்ணு பின்னாடி ஒரு பக்கமா ஒக்காந்தா. ரெயில்வே கேட்டுக்கிட்ட ஒரு மேடு. வண்டி ஏறி எறங்குச்சு. சின்னபொண்ணு எறங்கல, வழுக்கினா. எண்ணெய் தடவுன தட்டுல இருந்து இட்லி எறங்குற மாதிரி, ஒக்காந்த வாக்குலயே ரோட்டுல ஒக்காந்தா.

"மாதாவே! பெத்த புள்ள பாட்டிலு அனுப்பிச்சு என்னயக் கொல்லப் பாக்குறானே!"

அடிகிடி ஒண்ணும் இல்ல. மானந்தான் போச்சு. அடுத்த வெள்ளிக்கெழம செல்வி சொன்னதும் அருள்நாதன், "அடியே, அது ஸ்டியரிங்குக்கு முன்னாடி பலகை மாதிரி இருக்கும் பாரு, அதுக்கு! சீட்டுக்கு எவனாவது அடிப்பானா?"ன்னு ஆரம்பிச்சு, முடிக்க முடியாம சிரிச்சான். இருமி இருமிச் சிரிச்சான். ஏழு எட்டு மாசமா காதுல விழாத சிரிப்பு. செல்வி ரிசீவர அழுத்திப் புடிச்சுக்கினா. காது செவந்துபோச்சு.

அதுக்கப்புறம் அவ வாரத்துக்கு ஒரு தப்பு பண்ண ஆரம்பிச்சா. வாயாலதான். நெசத்துல, அடுத்தடுத்து வந்த பார்சல்ல எந்த டப்பா எதுக்குன்னு அவளுக்கு அத்துப்படி ஆயிடுச்சு. நம்மூரு உப்புத் தண்ணியில கழுவிட்டு அப்பிடியே வுட்டா புள்ளி புள்ளியா நிக்கும், ஈரம் காயறதுக்குள்ள தொடைச்சுடணும். வெளக்கு வளையத்துக்குப் பல்பொடிதான் சரி, ஷார்ஜா சாமான் வீண். டாங்கிக்கு மட்டும் சனிக்கெழம சனிக்கெழம அவன் டப்பா. இதெல்லாம் தெரிஞ்சவ, போன்ல, "டயருக்குப் பூசுற கருப்ப ஃபுட்போர்டுக்குப் பூசிட்டேங்க, அத்தே காலு ரெண்டும் கருப்பாயிடுச்சு"ம்பா. "இன்னொரு தபா அத்தே பள்ளத்துல வழுக்கிட்டாங்க"ம்பா. அவன் சிரிப்பான். அவ்ளோதான் வேணும்.

ஒரு நாளு சின்னபொண்ணு புள்ளகிட்டப் பேசிட்டு வந்து இடுப்புல கைய வெச்சுக்கினு நின்னா. "இன்னாம்மா, மறுபடியும் வுழுந்தியாமேன்னு கேக்குறான். என்னய எத்தினி தபாடி வுழ வெப்ப?"

செல்வி தலையக் குனிஞ்சுக்கினா.

சின்னபொண்ணு இடுப்புல இருந்து கைய எடுத்தா. "சரி வுடு. அடுத்த தபா கெணத்துல வுழுந்தேன்னு சொல்லு. நல்லா சிரிப்பான்."

மருமவளுக்கு எங்க நோவுதுன்னு அவளுக்குத் தெரியும். தெருவுல எவளாவது, "இன்னும் ஒண்ணும் விசேசம் இல்லியா?"ன்னு இழுத்தா, சின்னபொண்ணு கையில ரெடியா பதில் வெச்சிருப்பா: "புள்ள ஷார்ஜாவுல கீறான். பேரன் இன்னா தபால்லயா வருவான்?"

ரெண்டாயிரத்துல மொத லீவு. நாப்பத்தஞ்சு நாளு. செல்வி ரெண்டு வருசமா எண்ணி எண்ணித் தொடச்சு வெச்சிருந்த நாளுங்க அதெல்லாம். ஆனா நாலு மணிக்கு அவ கண்ணத் தொறந்தா பக்கத்துல பாய் காலியா இருக்கும். வாசல்ல வந்து பாத்தா அருள்நாதன் குந்திக்கினு மொபெட்டத் தொடைச்சுக்கினு இருப்பான். "தூக்கம் வரல செல்வி. ஒடம்பு நாலு மணிக்கு எழுந்துக்கினு பேஜார் பண்ணுது." அந்தப் பச்சை மொபெட்டு அந்த நாப்பத்தஞ்சு நாளுல பாத்த மாதிரி சொகம் கவர்னர் காரு கூட பாத்திருக்காது.

அப்பத்தான் அவ அவன் கையப் பாத்தா. வெரலு நுனியெல்லாம் தோலு உரிஞ்சு மொழுக்குன்னு இருந்துச்சு. ரேகையத் தேடணும்.

"இன்னாங்க இது?"

"மருந்து வேலை. சாமான் எடுக்கிறதுல ஒரு கணக்கு இருக்குது செல்வி. கடைக்காரன் பளபளப்பத்தான் காட்டுவான். நீ மூடியத் தொறந்து மோந்து பாரு. சுர்ருன்னு மூக்குல ஏறுச்சுன்னா அது கையத் திங்கிறது. வேணாம்னு வெச்சுடு."

"உங்களுக்குக் குடுக்கிறது எது?"

"நான் எங்க பொறுக்கிறது? கம்பனி வாங்கித் தர்றதுதான்."

இங்கியே இருந்துடுங்கன்னு அவ கேட்டா. அவனும் ஆசையாத்தான் சொன்னான். இன்னும் ரெண்டு வருசம், அப்புறம் பைபாஸ் ஓரமா ஒரு வாட்டர் சர்வீஸ் போட்டுடலாம். மெட்ராஸ் போற வண்டி, திருச்சி போற வண்டி, எல்லாம் நம்ம வாசல்லதான் குளிச்சுட்டுப் போவணும். "நீ எந்தெந்த சாமான் நல்லா இருக்குதுன்னு பாத்து வெய்யி."

அவ பாத்து வெச்சா. விழுப்புரம் வரைக்கும் பஸ் ஏறிப் போயி ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒவ்வொண்ணா ஏறி எறங்கி, ஷாம்பு கேனத் தொறந்து மூக்கு கிட்ட வெச்சுப் பாப்பா. ஒரு கடைக்காரரு தாங்காம, "யம்மா, மோந்து பாத்து வாங்க இது இன்னா மல்லிப்பூவா?"ன்னாரு. "கையத் திங்குதான்னு பாக்குறேங்க"ன்னா செல்வி. "யாரு கைய?"

"எங்க ஊட்டுக்காரரு கைய."

"அவரு எங்க?"

அதுக்கு மேல அவ அங்க நிக்கல.

ரெண்டு வருசம் ரெண்டு வருசமா ஒம்போது வருசம் போச்சு. நடுவுல மூணு லீவு. கல்லு வெல ஏறிப்போச்சு, எடத்து வெல ஏறிப்போச்சு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அலமாரி பூரா டப்பா. அதுக்குள்ள செல்போன் வந்துச்சு. தேவநாதன் பூத்த மூடிட்டு செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணிக்கினு ஒக்காந்தாரு. செல்விக்கு ஒரே சந்தோசம். இனிமே எட்டு காது இல்ல. மாடிப்படியில ஒக்காந்து, பொடவத் தலைப்பால வாய மூடிக்கினு, எத வேணா பேசலாம்.

மொத நாளு போன் வந்துச்சு. ரெண்டு பேரும் பத்து நிமிசம் சும்மா மூச்சு வுட்டுக்கினு இருந்தாங்க.

"அப்புறம்?"ன்னான் அவன்.

"அப்புறம் நீங்கதான் சொல்லணும்."

"வண்டி எப்பிடி இருக்குது?"

அதத் தவிர ரெண்டு பேருக்கும் வேற பாஷையே மறந்துபோச்சு. செல்வி போன வெச்சுட்டு அந்தப் படியிலயே ரொம்ப நாழி ஒக்காந்திருந்தா.

ரெண்டாயிரத்தி ஒம்போதுல அங்க நெலம சரியில்லன்னு ஊரெல்லாம் பேச்சு. வேலை போனவங்க கடனக் கட்ட முடியாம காரக் கீழ நிறுத்திட்டு அப்பிடியே ப்ளேன் ஏறிட்டாங்களாம். அருள்நாதன் சொன்னான்: "பதினேழு காரு செல்வி. கேக்க ஆளே இல்ல. தூசி படிஞ்சு கெடக்குது. பாக்கப் பாவமா இருக்குது. சம்பளம் இல்லன்னாலும் கடைசியா அதுங்களையும் ஒரு தொடை தொடைச்சுட்டுத்தான் ரூமுக்குப் போறேன்."

செல்விக்கு எங்கருந்து வந்துச்சோ. "ஆளில்லாத காருக்கெல்லாம் பாவம் பாக்குறீங்க. முப்பத்தஞ்சு வயசாயிடுச்சு எனக்கு. ஷார்ஜாவுல ஒரு காராப் பொறந்திருந்தா என்னயும் தொடைச்சிருப்பீங்க."

பதினோரு வருசத்துல மொத தபா, பேச்சு முடியறதுக்கு முன்னாடியே அவ போன வெச்சா.

ரெண்டு நாளு கழிச்சு அவன் கூப்ட்டான். கம்பனிய மூடுறாங்களாம். மஸ்கட்ல வேற ஒரு கம்பனி ஆளு எடுக்குது, மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும். "ரெண்டே வருசம்தான்..."ன்னு இழுத்தான். செல்வி சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ஆனா அன்னியிலிருந்து மொபெட்டத் தொடைக்கிறத வுட்டுட்டா.

மழையில்லாத வைகாசி. பைபாஸ்ல லாரி போறப்பல்லாம் தூசி வந்து அப்புச்சு. சின்னபொண்ணுக்குப் பொறுக்கல, துணிய எடுத்துக்கினு வந்துட்டா. "தொடாதீங்க அத்தே"ன்னா செல்வி.

"இன்னாடி ஆச்சு உனக்கு? டாங்கி மேல வேற இன்னாவோ கிறுக்கிக்கிற?"

"உங்க புள்ள பேரு."

சின்னபொண்ணுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிஞ்சு உத்துப் பாத்தா. துணிய மடிச்சு இடுப்புல செருவிக்கினு உள்ள போயிட்டா.

மூணாவது வெள்ளிக்கெழம.

"வண்டி எப்பிடி இருக்குது?"

"தூசியா கெடக்குது."

"தொடைக்கலியா?"

"இல்ல."

"சாமான் தீந்துடுச்சா? டப்பா அனுப்பட்டுமா?"

"அலமாரி பூரா இருக்குது. எனக்கு மனசு இல்ல. தொடைக்கிற ஆளு வந்து தொடைக்கட்டும்."

"எவ்ளோ தூசி?"

"வெரல வெச்சு எழுதலாம், அவ்ளோ."

"எழுதினியா?"

"எழுதினேன்."

"இன்னா எழுதின?"

"வந்து படிங்க. ஒரு டப்பாவும் எடுத்தாராதீங்க. கைய வீசிக்கினு வாங்க."

மாசக் கடைசி வந்துச்சு. வியாழக்கெழமை. தையக்கடையில காலரு தச்சுக்கினு இருந்தப்ப செல்லு அடிச்சுது. அவன் வியாழக்கெழமை பேசுற ஆளே இல்ல. பின்னாடி ஒரே சத்தம், ஒரு பொம்பள மைக்குல இன்னாவோ சொல்லிக்கினே இருந்தா.

"செல்வி, ஷார்ஜா ஏர்போர்ட்ல நிக்கிறேன். கையெழுத்துப் போடல."

மெஷினு நின்னுபோச்சு.

"லக்கேஜ் எங்கன்னு கேட்டாங்க. இல்லன்னேன். நம்பல. பதினோரு வருசமா ஒண்ணுமே சேக்கலியாடான்னு ஒருத்தன் மேலயும் கீழயும் பாக்குறான்."

"இப்ப கையில இன்னாதான் இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. தொங்க வுட்டுக்கினு நிக்கிறேன். எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல. ஒரு மாதிரி கூச்சமா இருக்குது செல்வி."

"எனக்குந்தான்"னா செல்வி.