பதினேழாம் நோன்பன்று டாக்டரிடம் நான் மறைத்தது

அன்புச் சகோதரிகளே, உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அல்லாஹ்வின் சாந்தி நிலவட்டும்.

போன வருஷ ரமலானில் என் வீட்டுக்காரர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். என்ன நோய் என்று டாக்டருக்கே பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் பெயர் நூர்ஜஹான். ராஜபாளையத்தில் எங்களுக்குப் பெயின்ட் கடை. அவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. எத்தனையோ மாத்திரை மாற்றியும் அடங்கவில்லை. அந்த ரமலானுக்கு மூன்று மாதம் முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் புதிதாக வந்திருக்கும் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் மிஞ்சுகிற சர்க்கரையை அது சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடும், இதயத்துக்கும் கிட்னிக்கும்கூட நல்லது என்றார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது, வாந்தி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்றும் சொன்னார். நல்லது என்று சொன்னது மட்டும் எங்கள் காதில் தங்கியது.

மாத்திரை நன்றாகவே கேட்டது. சர்க்கரை இறங்கியது. கால் வீக்கம் வடிந்தது. எடையும் குறைந்து ஆள் பார்க்க எடுப்பாக ஆகிவிட்டார். மறுபடியும் பெண் பார்க்கலாம் போல இருக்கே என்று நானே கேலி செய்வேன்.

நோன்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது மறுபரிசோதனைக்குப் போனோம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"ஒரு வேளை தவற மாட்டாவ, டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பத்து வயதிலிருந்து ஒரு நோன்பு விடாத மனுஷர் அவர். முன்பு பார்த்த டாக்டர் ஒருவர் நோன்பு வேண்டாம் என்று சொன்னதற்கு நான்கு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தார். கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள், கேட்காமலே இருந்துவிடலாம் என்பது என் கெட்டிக்காரத்தனம். காலை மாத்திரையை விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்துக்கு மாற்றியதும் நான்தான். நம் வீடுகளில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். இல்லை என்று சொல்லாதீர்கள்.

பதினான்கு நோன்பு நல்லபடியாகப் போனது. பதினைந்தாம் நாள் வயிறு வலிக்கிறது என்றார். நோன்புக் கஞ்சி சேரவில்லை என்று நினைத்தோம். பதினாறாம் நாள் நோன்பு திறந்ததும் குடித்த கஞ்சியை வாந்தியெடுத்தார். மறுநாள் சஹருக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. தண்ணீரைக் குடித்து மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். அட்டையிலிருந்து பிரித்து அவர் கையில் கொடுத்தவளும் நான்தான். வாந்தி வந்தால் நிறுத்தச் சொன்னது என் நினைவுக்கே வரவில்லை.

அன்றைக்குப் பதினேழாம் நோன்பு. பத்ருப் போர் நடந்த நாள். உயிரே போனாலும் இன்றைக்கு முறிக்க மாட்டேன் என்று கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். மதியம் நான் லுஹர் தொழுது முடிக்குமுன் என் தம்பி காதர் அவரைக் காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தான். உட்கார்ந்தபடியே இருந்தவருக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறினவருக்கு வாங்குகிற மூச்சு அல்ல. ஆழமாக, வேகமாக, நிற்காமல் வாங்கியது. நான் ஓடிப்போய் மீட்டரை எடுத்து விரலைக் குத்திப் பார்த்தேன். நூற்று அறுபத்து நான்கு.

"சுகர் நார்மலாத்தான் இருக்கு, வாயுவாத்தான் இருக்கும்" என்று தம்பியிடம் சொன்னேன். அந்தச் சின்னப் பெட்டியை நான் அவ்வளவு நம்பினேன். அவன் நம்பவில்லை. அவரைத் தூக்கிக் காரில் போட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போக அரை மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்கு வழி நீண்டுகொண்டே போனது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து உதட்டருகில் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது.

"நோன்புன்னு அங்க சொல்லிராத. நோன்பு திறக்க இன்னும் அஞ்சு மணி நேரந்தான்."

சரி என்று தலையாட்டினேன்.

எங்கள் டாக்டர் வெளியே போயிருந்தார். இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை. ஈசிஜி எடுத்தார், சரியாக இருந்தது. சர்க்கரை பார்த்தார், நூற்று எழுபதுக்குப் பக்கம். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார், அதிலும் ஒன்றும் இல்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். சுகர் மாத்திரைதான் என்றேன், பெயர் தெரியாது. அட்டை வீட்டில் கிடந்தது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கட்டிலில் என் மனுஷருக்குக் கண் சொருக ஆரம்பித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முனகல்தான் வந்தது.

அப்போதும் நான் சொல்லவில்லை. அவருக்கு வாக்குக் கொடுத்தேனே என்பது ஒன்று. டாக்டரிடம் பொய் சொன்னது வெளியே வந்துவிடுமே என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வந்தது. வார்டு வாசலில் ஓரமாகத் துப்பட்டியை விரித்துத் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. யா அல்லாஹ், அவருடைய மூச்சைத் திருப்பிக் கொடு, இந்த மனுஷர் இல்லாமல் நான் என்ன செய்வேன், உனக்காகத்தானே பட்டினி கிடக்கிறார் என்று கெஞ்சினேன். கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒன்று உறைத்தது. அவர் கிடப்பது அல்லாஹ்வுக்காக. நான் மறைப்பது யாருக்காக? எனக்குத் தைரியம் இல்லை, நீயே என் வாயைத் திறந்துவிடு என்று அழுதேன்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினேன். என் பின்னால் ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். சுந்தரபாண்டியத்துப் பிள்ளை, பெயர் முத்துமாரி என்று பிறகு தெரிந்தது. நான் தொழுது முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

"அக்கா, இவிய கடைசியா எப்பச் சாப்பிட்டாவ?"

அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு மதகு திறந்த மாதிரி ஆகிவிட்டது. பதினேழு நாளாக நோன்பு, நேற்று வாந்தி, இன்றைக்குப் பச்சைத் தண்ணீர்தான், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுகிற மாத்திரை, டாக்டரிடம் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே ஓடினாள்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. சிறுநீரையும் ரத்தத்தையும் வேறு விதமாகச் சோதித்தார்கள். டாக்டர் வெளியே வந்து விளக்கினார். சாப்பாடு இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தம் முழுக்க அமிலம் ஏறியிருக்கிறது. வழக்கமாக இந்த நிலைமையில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அரிதாக இப்படி வரும்போது சர்க்கரை ஏறாமலே இருக்கலாம். அதனால்தான் மீட்டர் காட்டிக்கொடுக்கவில்லை.

மாத்திரையை நிறுத்தினார்கள். சலைன் ஏற்றி, இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றினார்கள். சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸா என்று பதறினேன். இதற்கு அதுதான் வைத்தியம் என்றாள் முத்துமாரி. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரத்தில் மூச்சின் வேகம் கொஞ்சம் தணிந்திருந்தது. மறுநாள் காலை கண் விழித்தார்.

"நோன்பு முறிஞ்சிருச்சா?" என்றார் முதலில்.

"நாந்தான் சொல்லிட்டேன். கோவப்படணும்னா படுங்க. உசுரோட இருந்து படுங்க" என்றேன். அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. எனக்கும்தான்.

மூன்றாம் நாள் பார்க்க வந்த எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினார். நோயாளிக்கு விடுப்புக் கொடுத்தது அல்லாஹ், அவன் நீட்டியதைத் தட்டிவிட நீர் யார் என்று கேட்டார். என் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த மாத்திரை கெட்டது என்று யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் நாத்தனாரும் அதைத்தான் சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார். மாத்திரை மேல் பழியில்லை. நோன்பைப் பற்றி டாக்டரிடம் சொல்லாததுதான் தப்பு.

இந்த வருஷம் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் போய் முதல் வார்த்தையாக நோன்பைப் பற்றிக் கேட்டோம். வேண்டாம் என்றார். என் வீட்டுக்காரர் தலைகுனிந்து சரி என்றார். இப்போது நோன்புக்கு ஈடாக, தினமும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு போகிறது. அவரே கொண்டுபோய்க் கொடுக்கிறார். முதல் நோன்பன்று மதியம் அவருக்குச் சோறு போட்டேன். பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். நோன்பாளி உன் முன்னால் எப்படிச் சாப்பிடுவது என்று தயங்கினார். எதிரில் உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட வைத்துத்தான் எழுந்தேன். அன்றைக்கு என் நோன்பு எனக்கு இனித்தது.

சகோதரிகளே, கையேந்துங்கள். அவன் கேட்கிறான், நான் கண்ணால் கண்டேன். நான் அவனிடம் மூச்சைக் கேட்டேன், அவன் என்னிடம் உண்மையைக் கேட்டான். கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. உங்களிடமும் ஏதாவது கேட்டால் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். அல்ஹம்துலில்லாஹ்.