‘நே’க்குப் பதில்

பிள்ளைகளே, ஈரோ நாணயம் வந்த புதிதில், ஜெர்மனியில் எசனுக்குப் பக்கத்து நகரமொன்றின் ஜப்பானிய உணவகத்தில் என்னை ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். பிடித்தால்தான் வேலை. ஜப்பானியரான தலைமைச் சமையற்காரர் எங்களோடு ஜெர்மனில் பேசினாலும், “அரிசி நன்றாக ஊறிவிட்டது, நே” என்று முடித்து என் முகத்தைப் பார்ப்பார். பெரியவர் பேசும்போது வாய் திறக்கக் கூடாதென்று நான் தலைகுனிந்து நிற்பேன். நாலாம் நாள் அவர் முகம் இறுகிவிட்டது.

கோப்பை கழுவும் யாழ்ப்பாணத்து அண்ணை என்னை மறித்தார்.

“ஐசே, சொல்லுறதை நீர் கவனிக்கிறேல்லையாம். அனுப்பப் போறாராம்.”

“மரியாதைக்குத்தானே அண்ணை பேசாமல் நிக்கிறன்!”

“உம்மடை மரியாதையை அரிசிப் பானைக்குள்ளை போடும். ‘நல்ல வெயில், என்ன?’ எண்டு கேட்டா ஊமை மாதிரி நிப்பீரே? அந்த ‘என்ன’தான் இந்த ‘நே’. ‘ஹை’ எண்டு சொல்லும். அதுதான் அவையின்ரை ஓம்.”

வசனத்தின் கடைசியில் வரும் இப்படியான இடைச்சொல்லுக்கு ஜப்பானிய இலக்கணத்தில் ‘ஷூஜோஷி’ என்று பெயராம். நீங்கள் நூலகத்தில் எடுத்துவந்த புத்தகத்தில் பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள், “மீன் புதியது, நே” என்றார். “ஹை” என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு ஒரு ‘நே’யையும் நான் தவறவிடவில்லை.

வேலை முடிந்து நான் சப்பாத்துப் போடும்போது சொன்னார்: “திங்கட்கிழமையும் வருவாய், நே.”