வாங்கிய உடையோடு பதுளைக்கு

கொழும்பிலிருந்து முதல்நாளே வந்து தங்கியிருந்த நான், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்புத்தளை நிலையத்தில் பதுளை ரயிலுக்காகக் காத்து நின்றேன். பதுளை அங்கிருந்து ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். போய்ச்சேர இரண்டு மணித்தியாலம். கணினி விளையாட்டுகளில் வரும் பாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு கூடும் கொஸ்ப்ளே விழா ஒன்று அன்று பதுளையில். என் பையில், இணையத்தில் இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய போர்வீராங்கனை உடை இருந்தது.

ரயிலில் என் எதிர் ஆசனத்தில் வந்து அமர்ந்த பெண்ணின் மடியில், படுக்கை விரிப்பில் சுற்றிய பெரிய மூட்டை. பெயர் யோகேஸ்வரி, ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். தையற்கடையில் வேலை. அவளும் விழாவுக்குத்தான் போகிறாள் என்று தெரிந்ததும் மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளே கரும்பச்சை வர்ணம் பூசிய மார்க்கவசம், மீன் செதில்போல அடுக்கடுக்காக.

"எல்லாம் நீங்களே செய்தனீங்களோ?"

"ஆமாங்க. கொழுந்து எடுக்கயில அம்மா இடுப்புல கட்டுற படங்குச் சீலைதான். லயத்துல வீடு வீடாக் கேட்டுப் பழசெல்லாம் சேத்தேன். நாலு மாசம் ஆச்சு. உங்களுது செஞ்சதா, வாங்குனதா?"

"கொஞ்சம் மாத்தினனான்," என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னேன்.

நீளத்தைக் குறைத்துப் பொத்தான்களை மாற்றியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் விண்ணப்பத்தில் 'கைத்தயாரிப்பு' என்று எழுதியிருந்தேன். அந்தப் பிரிவில் முதல் இரண்டு இடம் பெறுபவர்களுக்குத்தான் கொழும்பு இறுதிப்போட்டி. எல்ல, தெமோதரை, ஹாலிஎல எல்லாம் கடந்து போயின. நான் அவளுடைய தையற்கடையைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தேன்.

பத்தரைக்கு மண்டபத்தில் பதிவு தொடங்கியது. மேசையில் இருந்த இளைஞர் யோகேஸ்வரியின் கவசத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது கடையில வாங்குனதுதானே? இவ்வளவு நேர்த்தியா இருக்கே."

"வாங்கலங்க."

"அப்ப யாராச்சும் செஞ்சு குடுத்தாங்களா?"

அவள் கவசத்தைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தாள். தேயிலைக் கறை, பென்சில் கோடுகள், பிரித்துப் பிரித்துத் தைத்த ஊசித் துளைகள். அவர் "மன்னிச்சிக்குங்க," என்று சொல்லி இலக்கத்தைக் கொடுத்தார்.

அடுத்தது நான். என்னிடம் எதுவுமே கேட்காமல் இலக்கத்தை நீட்டினார். அது எனக்குக் கூச்சமாக இருந்தது.

"என்னுடையது வாங்கினது. மற்றப் பட்டியலில போடுங்கோ," என்றேன்.

பக்கத்தில் நின்ற யோகேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு முடிவு சொன்னார்கள். அவளுக்கு இரண்டாமிடம். மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

"கொழும்புல நம்மளுக்கு யாரையும் தெரியாதுங்க."

"என்னைத் தெரியுமே. வெள்ளவத்தையில எங்கட வீட்டில நில்லுங்கோ."

கொழும்பு விழாக்களில் ஒருவரையொருவர் சந்தித்ததும் "எந்தத் தளத்தில் வாங்கியது, என்ன விலை?" என்றுதான் கேட்போம். பதுளையில் எல்லோரும் எப்படிச் செய்தது என்று கேட்டார்கள். அதற்காக வாங்கிய உடை அவமானம் என்றும் அங்கே யாரும் நினைக்கவில்லை.

மாலை ரயிலுக்கு முன் என் உடையை மடிக்க யோகேஸ்வரி உதவினாள். தோள் பகுதியைப் புரட்டி, உள்தையலை விரலால் மெல்ல நீவிப் பார்த்தாள்.

"இந்த வளைவு லேசில வராதுங்க. எந்த ஊருப் பொண்ணோ, நல்லாத் தைச்சிருக்கா."

மூன்று வருடமாக அந்த உடையை அணிகிறேன். அதைத் தைத்தவள் ஒருத்தி இருப்பாள் என்று அன்றுதான் நினைத்தேன்.