மாமா நடந்து வந்த மலை

போன மாதம் ஒரு காதுகுத்து விசேஷத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் தாய்மாமா அந்தக் கதையை மறுபடியும் சொன்னார். முழங்கால் பிசகி, தோள்பட்டை எலும்பு முறிந்த நிலையில், அழுதுகொண்டிருந்த பன்னிரண்டு வயது மருமகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் கம்பை ஊன்றி அவர் மலையிறங்கிய கதை. தோள்பட்டை முறிந்தவருக்கு இரண்டு கைகளும் எப்படி வேலை செய்தன என்று இத்தனை வருடங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அழுத அந்த மருமகள் நான்தான். பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

வருசநாட்டுக்கு மேலே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். மாமாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அந்த வருடக் கோடை விடுமுறைக்கு பஸ் கூரையில் ஒரு கியர் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முன்சக்கரத்தில் ஸ்பிரிங், சக்கரத்துக்கு நடுவில் தட்டு பிரேக், மணிக்கட்டு மொத்தத்துக்கு டயர். ஊரே வந்து பார்த்தது. பெரியப்பா டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சு உழலாம் போலயே" என்றார்.

எனக்கு இருந்தது அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். அதில்தான் மாமா எனக்குப் பாடம் நடத்தினார். தோப்புக்குள் ஓடும் வாய்க்கால் கரையில் என்னை ஓட்டவிட்டுப் பின்னால் கத்திக்கொண்டே வருவார். "சீட்ட விட்டு எந்திரி! பிரேக்க ஒரேயடியாப் பிடிக்காத, விட்டு விட்டுப் பிடி! கல்லப் பாக்காத புள்ள, போற எடத்தப் பாரு!" அவர் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் சரி. அதை இன்றுவரை மறுத்ததில்லை.

கோடை வருமுன் வனத்துறை ஆட்கள் மலைமுதுகில் புல்லையும் புதரையும் செதுக்கி, ஒரு ஜீப் போகும் அகலத்துக்கு வெறும் மண்ணாக்கி வைப்பார்கள். காட்டுத்தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவக்கூடாது என்பதற்காக. பயர் லைன் என்று ஊரில் பெயர். கீழிருந்து பார்த்தால் மலைக்கு வகிடெடுத்து விட்டதுபோல இருக்கும். அதில் இறங்க வேண்டும் என்பதுதான் மாமாவின் ஆசை. வனத்துறை வாச்சரிடம் சொல்லிவிட்டதாக அம்மாவிடம் சொன்னார். அதுவும் பொய் என்று பிறகு தெரிந்தது.

விடிந்ததும் கிளம்பி, ஏற முடிந்தவரை ஏறி, முடியாத இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனோம். மேலே காற்று ஆளைத் தள்ளியது. கீழே எங்கள் இலவந்தோப்பு, காய் வெடித்த மரங்களுடன், வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. "ஆத்தா, என் தடத்துலயே வா" என்று சொல்லிவிட்டு மாமா இறங்கினார்.

முதல் வளைவு வரை அழகாகத்தான் போனார். அதற்குக் கீழே மழைத் தண்ணீர் அரித்த பள்ளம் ஒன்று குறுக்கே கிடந்தது. மாமா பள்ளத்தைப் பார்த்தார். பார்க்கக்கூடாது என்று எனக்குச் சொன்னவர், பார்த்தார். பிரேக்கை ஒரேயடியாகவும் பிடித்தார். சைக்கிள் நின்றது. அவர் நிற்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது, ஒரு கை செயலற்றுத் தொங்க, முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. எழுப்பிப் பார்த்தேன், அலறிவிட்டார். செல்போனில் டவர் இல்லை. பிறகு அவர் அழுதார். ஆம், அன்று மலையில் அழுதது அவர். "தண்ணி குடு ஆத்தா, என்னைய விட்டுட்டுப் போயிராத" என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டார். அதை நான் கேவலமாக நினைக்கவில்லை. வலித்தால் யாரும் அழுவார்கள். ஆனால் அந்த அழுகையை எடுத்து என் முகத்தில் ஒட்டினாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

போகாமல் இருந்தால் இருட்டும்வரை இருவரும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அக்காவின் சைக்கிளில் பின் பிரேக் கட்டை தேய்ந்து போயிருந்தது. மாமாவின் சைக்கிளை நிமிர்த்தினேன். கைப்பிடி கோணியிருந்தது. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு திருகி நேராக்கினேன். சீட்டை அடியோடு இறக்கியும் எனக்குக் கால் எட்டவில்லை. எட்டவேண்டியதும் இல்லை, சீட்டில் உட்காரப் போவதில்லையே.

பயர் லைனிலிருந்து இடது பக்கமாக ஒரு ஒற்றையடிப் பாதை பிரிந்து கீழே மண்சாலைக்குப் போகும். தேனெடுப்பவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் நடக்கும் தடம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு. வேர்கள் படி மாதிரி குறுக்கே கிடந்தன. எழுந்து நின்று, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, போகிற இடத்தை மட்டும் பார்த்தேன். முட்செடி கையைக் கிழித்தது தெரியவே இல்லை. ஓரிடத்தில் பின்சக்கரம் சரிவுப் பக்கம் நழுவி, பிறகு தானாகத் திரும்பி வந்தது. அன்று நான் ஓட்டியதுபோல அதற்குப் பிறகு ஒருநாளும் ஓட்டியதில்லை.

மண்சாலையில் இலவங்காய் மூட்டைகளோடு ஒரு ஜீப் வந்துகொண்டிருந்தது. குறுக்கே போய் நின்றேன். ஓட்டியவருக்கு என் அப்பா வயது இருக்கும். பக்கத்தில் இளவயதுக்காரர் ஒருவர். நான் மூச்சிரைக்கச் சொல்லி முடிப்பதற்குள், "பாப்பா, சைக்கிளோட மேல ஏறு" என்று சொல்லிவிட்டு, மூட்டைகளைச் சாலையோரத்தில் தள்ளி இடம் பண்ணினார்கள். ஜீப் பயர் லைனில் உறுமிக்கொண்டு ஏறியது. ஏற முடியாத இடத்தில் நிறுத்தி, இருவரும் நடந்துபோய் மாமாவைத் தூக்கி வந்தார்கள். ஓட்டியவர் தன் துண்டைக் கிழித்து மாமாவின் கையைக் கழுத்தோடு கட்டினார். அக்காவின் சைக்கிளையும் அவர்களே ஏற்றினார்கள். வழியெல்லாம் ஓட்டியவர், "எப்படிப் பாப்பா அந்தத் தடத்துல எறங்குன? ஆடே யோசிச்சுத்தான் எறங்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு அது.

ஊருக்கு முன்னால், எங்கள் தோப்பு ஓரத்தில் ஜீப் நின்றது. "இங்கனயே எறக்கி விட்டுர்றோம் சார். ஊருக்குள்ள வேணாம்" என்றார் ஓட்டியவர். மாமா ஏன் என்று கேட்கவில்லை. "ஆமா ஆமா, இங்கனயே போதும்" என்றார்.

நான் சைக்கிளில் பறந்துபோய் வாசலில் நின்று, "மாமா விழுந்துட்டாரு, தோப்புல கெடக்காரு!" என்று கத்தினேன். பெரியப்பாவும் அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் கதை முடிந்திருந்தது. கட்டிலில் தூக்கி வைக்கப்பட்ட மாமா, மலையிலிருந்து தான் நடந்தே வந்துவிட்டதாகவும், புள்ளைதான் பயந்து அழுது வழியெல்லாம் பாடாய்ப் படுத்திவிட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொய்!" என்றேன். "நான்தான் ஒத்தையடிப் பாதையில போயி ஜீப்பக் கூட்டியாந்தேன்!"

பெரியப்பா திரும்பினார். "எந்த ஜீப்பு? யாரு இருந்தாக அதுல?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சிரித்தார். "ஒரு ஜீப்பு வராதா, ஜீப்பு வராதான்னு கெஞ்சிக்கிட்டே வந்துச்சு அத்தான். பயத்துல பெனாத்துது, விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள். கையில் ரத்தக் கீறல்களோடு நின்ற எனக்கு, அந்தச் சிரிப்புச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் மாமாவின் வீங்கிய முழங்காலில் ஓங்கி உதைத்தேன். அவர் அலறியது ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். அம்மா என்னை அடித்த அடியில் வளையல் உடைந்தது. "வாயத் தொறந்த, கொன்னுருவேன்" என்றாள். அன்றிலிருந்து ஊரில் என் பெயர் பயந்தாங்கொள்ளி.

பத்து வருடம் கழித்து மாமாவிடம் நேருக்கு நேர் கேட்டேன். "உன்னையக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன். அந்த ஆளுகளையும்தான்" என்றார். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஜீப்பை மறைக்க, அவர் வீரனாகவும் நான் கோழையாகவும் ஆக வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டேன். டீ ஆறுகிறது, குடி என்றார்.

ஆனால் அந்தக் கோடையில் எனக்கு வந்த கோபம் மாமாவோடு முடியவில்லை. மாமா விழுந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். பெரியப்பாவோடு சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே அதே ஜீப் நின்றது. அன்று அதை ஓட்டியவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அன்று நடந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி! "அண்ணே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பெரியப்பாவைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டு கைக்கு வந்தது.

"ஏலே, இங்கன வா" என்றார் பெரியப்பா, தன்னைவிட ஒன்றிரண்டு வயதே இளையவரை. "நீ காலனிக்காரன்தான? எங்க வீட்டுப் புள்ளைய ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாதுங்கய்யா. பாப்பா ஆளு மாறிக் கூப்பிடுது."

இவருமா? ஆடே யோசித்துத்தான் இறங்கும் என்று சிரித்தவர், முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார். பெரியப்பா என்னிடம் குனிந்து, "யாரு புள்ள இவன்? சொல்லு" என்றார். ஜீப் ஓட்டியவர் மூட்டையில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழிக்குப் பழி என்று எனக்குத் தோன்றியது. "எனக்கும் இவரத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போகும்போது, அவருக்கு வலித்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். ஜீப்பில் சாய்ந்து நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மெதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு நடந்தேன்.