பதினோரு வாரக் குறிப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், டிசம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிகந்திராபாத் பக்கத்தில் மெட்டுகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். என் உள்ளாடையில் இடது பக்கம் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. டீ சிந்தியிருக்கும் என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். உள்ளாடைக்குள் டீ எப்படிப் போகும் என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

நான் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் அடித்த கூத்து புரியும். நாச்சாரத்தில் ஒரு சிறிய மாத்திரைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்குப் பதினாறு வருட சர்வீஸ். மாத்திரைகள் பெல்ட்டில் ஓடி வரும். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, கறுப்புப் புள்ளி விழுந்தது, ஓரம் உடைந்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பார்கள். அவர்களை மேற்பார்வை பார்ப்பது நான். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. வழக்கத்துக்கு மாறாக எது கண்ணில் பட்டாலும் உடனே பெல்ட்டை நிறுத்திச் சொல்லிவிட வேண்டும். அது ஏன் வந்தது, பெரிய விஷயமா சின்ன விஷயமா என்பதெல்லாம் பார்த்தவர் முடிவு செய்யக்கூடாது, அதற்கு வேறு ஆள் உண்டு. இந்த விஷயத்தில் நான் யாருக்கும் தாட்சண்யம் பார்த்ததில்லை. பெண்கள் எனக்குத் தெலுங்கில் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், பூதக்கண்ணாடி என்று அர்த்தம். காதில் விழாத மாதிரி இருந்துகொள்வேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தக் கறை புதன்கிழமை மறுபடி வந்தது. அடுத்த வாரமும் வந்தது. அழுத்தவில்லை, கசக்கவில்லை, தானாகவே இடது மார்புக் காம்பிலிருந்து ஒரு சொட்டு கசிந்தது. வலது பக்கம் எதுவும் இல்லை. குளிக்கும்போது தடவிப் பார்த்தேன், கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. வலியும் இல்லை. வலி இல்லாததுதான் எனக்குப் பெரிய சமாதானம். கெட்ட வியாதி என்றால் வலிக்காமல் இருக்குமா என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். மருந்துக் கம்பெனியில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவளுக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

சொல்லாமல் இருக்கக் காரணங்களுக்கா பஞ்சம்? மகளுக்கு மார்ச்சில் இன்டர் இரண்டாம் வருடப் பரீட்சை, தமிழ்நாட்டுக் கணக்கில் பிளஸ் டூ. என் கணவர் எனக்குத் தும்மல் வந்தாலே நீராவி பிடி, கஷாயம் குடி என்று வீட்டை இரண்டாக்குகிறவர். எல்லாவற்றுக்கும் மேலே கூச்சம். நாற்பத்து நான்கு வயதில் சட்டையைக் கழற்றி ஒருவரிடம் காட்ட வேண்டுமே என்று நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பயந்துபோய் சும்மா இருந்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. நான் அதற்கு ஒரு விஞ்ஞான வேஷம் கட்டினேன். தொழிற்சாலையில் புது மாத்திரையை அலமாரியில் வைத்து, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து எழுதுவோம். அதே பழக்கத்தில் என்னையும் எழுதத் தொடங்கிவிட்டேன். ஞாயிறுதோறும் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்ப்பேன். பிறகு கைபேசியில் குறிப்பு. ‘வாரம் மூன்று: ஒரு சொட்டு, பழுப்பு. வலி இல்லை. மாற்றமில்லை.’ ‘வாரம் ஆறு: இரண்டு முறை. லேசாகச் சிவப்பு. வலி இல்லை. மாற்றமில்லை.’ பழுப்பு சிவப்பானது மாற்றம்தானே என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். அன்று என் கண்ணுக்கு அது படவில்லை. வீட்டில் யாரும் திறந்து பார்த்துவிடக்கூடாது என்று அந்தக் குறிப்புக்கு ‘மளிகை’ என்று தலைப்பு வேறு வைத்திருந்தேன். எழுதி முடித்ததும் ஏதோ வைத்தியமே பார்த்துக்கொண்ட மாதிரி ஒரு திருப்தி வரும், அது செவ்வாய்க்கிழமை வரை தாங்கும்.

இதற்கு நடுவில், ஜனவரியில், பெல்ட்டில் ஒரு சம்பவம். எங்கள் பெண்களில் ஒருத்தி, என்னைவிட நாலைந்து வயது இளையவள், இரண்டு மாத்திரைகளில் புள்ளியைப் பார்த்திருக்கிறாள். இன்னும் வருகிறதா என்று கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று அரை மணி நேரம் காத்திருந்துவிட்டாள். கடைசியில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் நான் விடவில்லை. எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, பார்க்கிறதுதான் உன் வேலை, காத்திருக்கிறது இல்லை என்று பிரசங்கம் செய்து, கையில் ஒரு மெமோவும் கொடுத்தேன். அதிலிருந்து அவள் என்னிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் காலை. வேலைக்குள் நுழையும் முன் நாங்கள் எல்லாரும் வளையல், சங்கிலி, பொட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சொந்த உடையை மாற்றி வெள்ளைச் சீருடை போட வேண்டும். உடை மாற்றும் அறை குறுகலானது, ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் நிற்போம். அங்கே ஒரு எழுதாத சட்டம். ஒவ்வொருத்தியும் அவரவர் அலமாரியைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கக்கூடாது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் நான் தினமும் உள்ளே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வந்தேன். அன்று அது கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுத்தது அந்த மெமோ வாங்கியவள்.

மற்றவர்கள் உள்ளே போகும் வரை கைக்குட்டையைக் கையில் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். அவள் பேசியது தெலுங்கு, நான் தமிழில் எழுதுகிறேன்.

“மேடம், இது ரத்தம்தானே?”

“ஒண்ணுமில்ல. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“எத்தனை நாளா?”

“பதினோரு வாரம். வாரா வாரம் எழுதி வச்சிருக்கேன். மாற்றமே இல்ல.”

சொல்லும்போது என் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ரெண்டு மாத்திரைக்கு நான் அரை மணி நேரம் பாத்துட்டு இருந்தேன்னு மெமோ குடுத்தீங்க. நீங்க பதினோரு வாரமா பாத்துட்டு இருக்கீங்க. உங்களுக்கு யார் மேடம் மெமோ குடுக்குறது?”

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன். ஆனால் அன்று முழுக்க பெல்ட் ஓடியது, என் கண்ணில் ஒரு மாத்திரையும் பதியவில்லை. மதிய இடைவேளையில் அவள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். குத்திக் காட்டுகிற முகம் இல்லை அது. “வீட்டுல சொல்ல முடியலைன்னா நான் லீவு போட்டு வரேன் மேடம்” என்றாள். மெமோ கொடுத்த கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குப் போய் கணவரிடம் சொன்னேன். வீடு இரண்டாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“கைக்கு? கைக்கு இத்தனை நாள் சொல்லல நீ?”

இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ‘கைக்கு’ என்றால் இந்த ஊர் ஹிந்தியில் ‘ஏன்’, மனசு கலங்கினால் அதுதான் அவர் வாயில் வரும். பரீட்சை முடியட்டும் என்று பார்த்தேன் என்றேன். உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தோடு வெளியே வந்துவிட்டாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். “எக்ஸாம் நாக்கு மம்மீ, நீக்கு காது” என்றாள். பரீட்சை எனக்கு, உனக்கில்லை என்று. டிசம்பரிலேயே போயிருந்தால் இந்நேரம் முடிந்திருக்குமே என்றும் கேட்டாள்.

மறுநாள் காலை சிகந்திராபாத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி, ஹிந்தியில் பேசினார். உட்கார வைத்துப் பார்த்தார், கைகளைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், படுக்க வைத்து இரண்டு பக்கமும் அக்குள் வரை விரலால் தடவிப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இதற்குத்தானா பதினோரு வாரம் கூசினேன் என்று தோன்றியது. பிறகு கைபேசியை நீட்டினேன். ‘மளிகை’ என்ற தலைப்பை என் கணவர் படித்து ஹிந்தியில் சொல்ல, டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு வாரமாகக் கேட்டுக்கொண்டார். ஆறாவது வாரத்துச் சிவப்பு வந்ததும் சிரிப்பு நின்றது.

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முதல் வரியை எழுதிய வாரமே என்னிடம் வந்திருக்க வேண்டும், மிச்சப் பத்து வரியும் என் வேலை, உங்கள் வேலை இல்லை என்றார். ஏறக்குறைய நான் பெல்ட்டில் சொல்கிற அதே வசனம். தலையைக் குனிந்துகொண்டேன்.

மகள், தன் தங்கைகள் எல்லாரையும் நினைத்தாரோ என்னவோ, என் கணவர் எதெதற்கு உடனே வர வேண்டும் என்று கேட்டார். டாக்டர் நிதானமாகச் சொன்னார். மார்பிலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டியோ தடிப்போ தட்டுப்பட்டால் வர வேண்டும். தோல் குழி விழுந்தாலும், ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆனாலும், சிவந்துபோய் ஆறாமல் இருந்தாலும் வர வேண்டும். இதுவரை இல்லாமல் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ, அதில் ஆறாத புண்ணோ செதிலோ வந்தாலோ விடக்கூடாது. தானாக நீர் கசிந்தால், அதுவும் ஒரே பக்கம், ரத்த நிறம் என்றால் அந்த வாரமே காட்ட வேண்டும். மாதவிலக்குக்கு முன் இரண்டு பக்கமும் கனத்து வலித்து, பிறகு தானே சரியாவது பெரும்பாலும் சாதாரணம்தான், விலக்கு முடிந்தும் ஏதாவது தங்கினால் காட்டிவிடுங்கள் என்றார். வலி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மேமோகிராம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பால் குழாய் ஒன்றுக்குள் சின்னதாக ஏதோ தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தை எப்படிச் சொல்ல? வியாதி வந்திருக்குமோ என்ற பயத்தைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வந்திருந்தால், நான் உட்கார்ந்து குறிப்பு எழுதிய பதினோரு வாரத்தில் அது எங்கே வரை போயிருக்கும் என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை, எல்லாம் என் கையெழுத்து. கணவர் கேட்காமலேயே பூண்டு உரித்துக் கொடுத்தார். மகள் தன் அறையை விட்டுவிட்டு சமையலறை வாசலில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்தாள். எனக்காகப் பாவம் பார்க்கிறார்கள் என்று எரிச்சலாகவும் இருந்தது, அவர்கள் எழுந்து போய்விடக் கூடாதே என்றும் இருந்தது.

முடிவு வந்தது. பால் குழாய்க்குள் மரு மாதிரி வளர்கிற ஒன்றாம், பாப்பிலோமா என்று பெயர். “கேன்சர் இல்லம்மா” என்று டாக்டர் எனக்காக அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொன்னார். ஆனாலும் ரத்தம் கசிவதால் அந்தக் குழாயை எடுத்து முழுசாகச் சோதித்துவிடுவோம் என்றார். அந்தச் சின்ன அறுவைச் சிகிச்சைக்குக் காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பினேன். எடுத்ததிலும் கெட்டது எதுவும் இல்லை. மகள் இரண்டு நாள் கழித்துப் பரீட்சை எழுதினாள், நன்றாகவே எழுதினாள்.

டாக்டரிடம், ஒன்றுமில்லாததற்கு உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன் என்று சம்பிரதாயமாகச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்றுமில்லை என்பது சோதித்த பிறகுதான் எனக்கே தெரியும், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். வருடம் ஒருமுறை வந்து காட்டச் சொன்னார், போய்க்கொண்டிருக்கிறேன்.

வேலைக்குத் திரும்பியதும் முதலில் அவளிடம்தான் போனேன். அந்த மெமோவைத் திரும்ப வாங்கிக்கொள்ள மேலே எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். “வேணாம் மேடம், நான் லேட்டாத்தானே சொன்னேன், இருக்கட்டும்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன் என் பதினாறு வருட சர்வீஸ் சின்னதாகிவிட்டது. இப்போது மதியம் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அவள் புளிச்சக்கீரையில் அரைக்கும் கோங்கூரா பச்சடி என் டப்பாவுக்கு வரும், என் வத்தக்குழம்பு அவள் டப்பாவுக்குப் போகும்.

உடை மாற்றும் அறையில் இன்னும் அலமாரியைப் பார்த்துத்தான் நிற்கிறோம். ஆனால் அலமாரியைப் பார்த்தபடியே இப்போது பேச்சு நடக்கிறது. அவள் என் கதையை ஒளிக்காமல் பரப்பிவிட்டாள், நானும் தடுக்கவில்லை. ஒருத்தி, காம்பில் ரொம்ப நாளாக ஆறாத செதிலை சோப்பு ஒவ்வாமை என்று நினைத்திருந்ததாகச் சொன்னாள். மறுநாளே விடுப்பு எழுதி வாங்கி அனுப்பினோம். தோல் வியாதிதான், களிம்பில் ஆறிவிட்டது. இன்னொருத்தி விலக்குக்கு முன் வரும் கனத்தை நினைத்து வருடக்கணக்கில் வாய் திறக்காமல் பயந்திருக்கிறாள். காட்டிவிட்டு வந்தவள் அன்றைக்கு எல்லாருக்கும் உஸ்மானியா பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள்.

உறவில் ஒரு அம்மாள், ஒன்றுமே இல்லாததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த பதினோரு வாரத்தில் ஒரு நாள்கூட நான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அதே வார்த்தையை டாக்டர் சோதித்துச் சொன்ன நாளிலிருந்து நன்றாகப் பசிக்கிறது.