நான் மட்டும் இருந்த பிரிவு

மகளுக்காக வாங்கிய கியர் சைக்கிள் அது. கல்லூரிக்கு மெட்ரோவில் போகத் தொடங்கியதும் அவள் அதை மறந்தே போனாள். பால்கனியில் நின்று ஈரத்துண்டுகளைச் சுமந்துகொண்டிருந்தது. முட்டி வலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் நாற்பத்தைந்து வயதில் நான் அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். காலையில் மயூர் விஹாரிலிருந்து கிளம்பி யமுனைக் கரையோரச் சாலையில் போய்த் திரும்புவேன். சில மாதங்களில் வலி போயிற்று. அது இருந்த இடத்தில் கொஞ்சம் கர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது. இல்லாவிட்டால் ஜனவரி கடைசியில் நடந்த அந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்க மாட்டேன். கொடுத்ததோடு நிற்காமல் அலுவலகம் முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

பந்தயத்துக்கு முந்தின நாளே மழை பிடித்துக்கொண்டது. டெல்லிக் குளிரில் மழையும் சேர்ந்தால் வீட்டுக்குள்ளேயே பல் கிட்டும். விடிந்ததும் என் கணவர் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "பேசாமப் படுட்டி. இந்த மழையில எவன் வரப்போறான்?" என்றார். டெல்லிக்கு வந்து இருபது வருஷமாகியும் அவர் பேச்சிலிருந்து திருநெல்வேலி போகவில்லை.

எனக்கும் படுக்கத்தான் ஆசை. ஆனால் திங்கட்கிழமை அலுவலகத்தில் என்ன சொல்வது? கிளம்பினேன். அவரும் மகளும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்கள்.

பத்து கிலோமீட்டர் சாலையை நான்கு முறை சுற்ற வேண்டும். பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் கூட வரவில்லை. வந்தவர்களோ மெல்லிய டயரும் வழவழப்பான உடுப்புமாக, மழையைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கள். கொடி அசைந்ததும் ஒரே வீச்சில் காணாமல் போனார்கள். அவர்களின் சக்கரங்கள் வாரியடித்த சேற்றுத் தண்ணீர்தான் எனக்கு மிஞ்சியது.

முதல் சுற்று முடிவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே எதுவும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் பின்னாலிருந்து, "ஹட்டியே, ஹட்டியே!" என்று கூச்சல். ஒதுங்கி நின்றேன். ஒரு சுற்று முன்னே போயிருந்தவர்கள் ரயில்பெட்டிபோல வரிசையாக என்னைத் தாண்டிப் போனார்கள். அதன்பின் செயின் கழன்றது. உணர்வில்லாத விரல்களால் அதை மாட்டி முடித்தபோது சாலை காலியாகக் கிடந்தது.

காலி என்றும் சொல்ல முடியாது. எனக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. கடைசியில் வருபவருக்குப் பின்னால்தான் அது வர வேண்டுமாம். மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் டிரைவர் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, "மேடம், பைட் ஜாயியே. கோயி பாத் நஹீ" என்றார். உட்கார்ந்துகொள்ளுங்கள், ஒன்றுமில்லை என்கிறார்.

"ஏக் ரவுண்டு, இன்னும் ஒரே ரவுண்டு, பையா" என்று ஹிந்தியும் தமிழும் கலந்து உளறினேன். அவர் "அச்சா" என்று தலையசைத்தார். அந்த நிமிஷம் என்னைப் பெரிய வீராங்கனையாகவே நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு அடுத்த திருப்பம் வரைதான் இருந்தது. அங்கே வழிகாட்ட நின்ற என் வயதுத் தொண்டர் ஒருவர் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, கையில் கொடியோடு நடுங்கிக்கொண்டிருந்தார். நான் நெருங்கியதும் வாக்கி டாக்கியில், "ஏக் ஆண்ட்டி பச்சீ ஹை" என்றார். இன்னும் ஒரு ஆண்ட்டிதான் பாக்கி. அதில் கேலி இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருப்பவர் சொல்கிற சேதி, அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழியெல்லாம் நிற்கிற இத்தனை பேரும் எனக்காகத்தான் நனைகிறார்கள். சற்றுத் தள்ளி ஒரு கான்ஸ்டபிள் லாரிகளை மறித்து நிறுத்தியிருந்தார். யாருக்காக நிற்கிறோம் என்று பார்க்க முதல் லாரி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. நிறுத்தினால் அதற்கும் ஒரு கூட்டம் கூடும். தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

முடிவுக் கோட்டில் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். டீ தீர்ந்திருந்தது. மகள் துண்டோடு ஓடிவந்து, "மம்மி, ஃபினிஷ் பண்ணிட்டேல்ல, போதும், சலோ" என்றாள். கிளம்பும்போது மைக்கில் என் பெயர் கேட்டது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவு, முதல் பரிசு!

தவறு நேர்ந்திருக்கிறது என்று சொல்லப் போனேன். தவறில்லை. அந்தப் பிரிவில் மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தோம். மற்ற இருவரும் மழையைப் பார்த்துவிட்டு வரவில்லை. மூன்று படி வைத்த மேடையில் நடுப்படியில் என்னை ஏற்றிவிட்டார்கள். இரண்டு பக்கமும் காலிப் படிகள். கீழே நின்ற ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். கழுத்தில் பதக்கம் விழுந்தபோது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இறங்கியதும் அந்தத் தொண்டரைத் தேடினேன், ஒரு வார்த்தை நன்றியாவது சொல்லலாமென்று. போய்விட்டிருந்தார்.

மகள் எடுத்த படத்தில் காலிப் படிகள் இல்லை. வெட்டிவிட்டிருந்தாள். அதை அவள் அப்பா குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டார். "ஏன் போட்டீங்க?" என்று சண்டை பிடித்தேன். "ஃபர்ஸ்ட் வந்தியா இல்லியா? பொய்யா சொன்னேன்?" என்றார். பொய் இல்லைதான். அதுதான் தொந்தரவு.

மார்ச்சில் குடியிருப்பின் மகளிர் தின விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மைக் கைக்கு வந்ததும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். "என் பிரிவில் நான் ஒருத்திதான். மொத்தப் பந்தயத்தில் நான்தான் கடைசி. என்னால் எல்லோரும் மழையில் நின்றார்கள்" என்று ஹிந்தியில் சொன்னேன். அதுவரை கேட்காத அளவுக்குக் கைதட்டல். செயலாளர் மைக்கை வாங்கி, பெரியவர்களிடம்தான் இந்தப் பணிவைப் பார்க்க முடியும் என்றார். உண்மையைச் சொல்லி அதற்கும் ஒரு பாராட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். காது மடல் எரிந்தது.

திரும்பும்போது லிஃப்டில் மேல்மாடித் தமிழ்ப்பெண் ஒருத்தி ஏறினாள். நொய்டாவில் ஐ.டி. வேலை, புதிதாகக் குடிவந்தவள். கதவு மூடியதும் மெதுவாக, "அக்கா, நெஜமாவே கடைசியா?" என்று கேட்டாள்.

"நெஜமாவே. எனக்குப் பின்னால ஆம்புலன்ஸ்தான் வந்துச்சு."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னைப் பார்த்து ஒருவர் சிரித்தது அன்றைக்குத்தான். அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அவள் என் சொல்லை அப்படியே நம்பியது ஆறுதலாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர், "என்ன, ஒரே கைதட்டலாமே?" என்று கேட்டார். சால்வையைக் கழற்றினேன்.